ஹவோத் மலைக்குப் பெயர் வந்த வருஷம்

ஹவோத் பண்ணைக்குப் பின்னால் நிற்கிற மேடு வளரவும் இல்லை, தேயவும் இல்லை. பென்ரியின் தாத்தா காலத்தில் எப்படி நின்றதோ அப்படியேதான் இன்றைக்கும் நிற்கிறது. ஆனாலும் அந்த ஒரு வருஷத்தில் அதன் உயரம் மூன்று தடவை மாறியது. பெயர் ஒரு தடவைதான் மாறியது. அந்த ஒரு தடவைக்கே பென்ரி இன்னும் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

வேல்ஸ் நாட்டில் இரண்டாயிரம் அடிக்குக் கீழே இருந்தால் குன்று, தொட்டுவிட்டால் மலை. இது ஆடுகளுக்குத் தெரியாது. ஆடு வளர்க்கிறவனுக்குத் தெரிந்தும் பிரயோஜனமில்லை. குன்றிலும் அதே புல், அதே மழை. ஆனால் நாட்டில் இதற்கென்று ஒரு வாரியம் இருந்தது. மேட்டுநில உயர, பெயர் மறுநிர்ணய வாரியம் என்று பெயர். அதை முழுசாக ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் டாக்டர் கடோகன் ஒருவர்தான், அதனால்தான் அவரைத் தலைவராக்கினார்கள் என்று ஆட்டுச்சந்தையில் பேச்சு.

வாரியம் முதலில் விமானத்தை அனுப்பியது. ஆடுகள் குட்டி போடுகிற காலமாகப் பார்த்து அனுப்பியது. விமானம் தாழப் பறந்து, மேட்டின் மேல் லேசர் ஒளியைக் கொட்டிக்கொண்டே போய், திரும்பி வந்து, மறுபடியும் கொட்டிக்கொண்டே போனது. ஒளி கண்ணுக்குத் தெரியவில்லை. இரைச்சல் காதைப் பிளந்தது. சினையாடுகள் மூலைக்கு ஒன்றாகத் தெறித்து ஓடின. பென்ரி வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். அங்கிருந்த பெண் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னாள். விமானம் தரையை மட்டும்தான் பார்க்கிறதாம், ஆடுகளைப் பார்ப்பதே இல்லையாம். ஆகவே ஆடுகளுக்குத் தொந்தரவு இருக்க வழியில்லையாம்.

ஒரு மாதம் கழித்து வாரியத்திலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. பழைய வரைபடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு அடியாக இருந்த அவனுடைய குன்று, லேசர் கணக்குப்படி இரண்டாயிரத்து இரண்டடி. இனி அது மலை. பென்ரி அதை மனைவி நெரிஸிடம் காட்டினான். இதனால் ஏதாவது மானியம் கூடுமா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். அப்படியானால் அந்தக் காகிதத்தை எடு, மேசை துடைக்கவேண்டும் என்றாள்.

அதற்குள் வாரியத்தில் யாரோ ஒரு புத்திசாலிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லேசர் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தால் மலையின் உச்சிக்கு நாலு கால் இருந்தது.

விசாரிக்க ரோட்ரி என்று ஒரு அதிகாரி வந்தான். தெற்கே கடலோரப் பட்டணத்துக்காரன், வயசு முப்பதுக்குள். தெற்கத்தி வெல்ஷ் பேச்சுக்கும் இங்கத்திய வடக்கத்தி வெல்ஷ் பேச்சுக்கும் நடுவில் அரை நாள் பயணத் தூரம் உண்டு. ஆனாலும் பையன் மரியாதையானவன், வாசலிலேயே காலணியைத் துடைத்துக்கொண்டு நின்றான். விமானம் பறந்தபோது உச்சியில் நின்ற ஆடு எது என்று கேட்டான்.

"எல்லாம் ஓடிச்சுங்களே."

"ஒண்ணு ஓடல சார். படத்துல இருக்கு."

முந்நூறு ஆட்டில் எதைச் சொல்வது? ஆனால் அதிகாரி கையில் பேனாவோடு நிற்கிறான். தெரியாது என்று சொல்லப் பென்ரிக்கு வாய் வரவில்லை. வேலியோரம் நின்ற ஒன்றைக் காட்டி, அதுவாகத்தான் இருக்கும், கொஞ்சம் திமிர் பிடித்தது என்றான். ரோட்ரி அந்த ஆட்டை முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் பிடித்தான். குளம்பிலிருந்து முதுகுவரை நாடா வைத்து அளந்தான். கம்பளியை அமுக்கி ஒரு தடவை, அமுக்காமல் ஒரு தடவை. வாரியத்தில் இதை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டம் நடந்ததாம். அளக்கும் நேரத்தில் மலையின் மேல் அசையாமல் இருக்கும் எதுவும் மலையின் பகுதியே என்று ஒரு கட்சி. கம்பளி வெட்டும் பருவத்தில் மலை குட்டையாகிவிடுமே என்று மறு கட்சி. கடைசியில் சம்பந்தப்பட்ட ஆட்டை மலையிலிருந்து கழித்தார்கள். இரண்டாயிரத்துக்கு மூன்று விரற்கடை குறைந்து, மலை மறுபடி குன்றானது.

டாக்டர் கடோகன் விடவில்லை. அந்த வருஷம் வாரியத்துக்கு ஒரு புது மலையாவது வேண்டியிருந்தது. உச்சியில் இருப்பது கருப்புச் சகதி மண், பஞ்சு மாதிரித் தண்ணீர் குடிக்கும். மழைக்கு முன்னால் அளந்தால் ஒரு உயரம், பின்னால் அளந்தால் ஒரு உயரம். வேல்ஸில் உலர்ந்த நிலை என்பது இயற்கைக்கு மாறானது, ஆகவே நனைந்த நிலையே உண்மையான நிலை என்று தீர்மானம் போட்டார்கள். பத்து நாள் அடைமழைக்குக் காத்திருந்து, விமானத்தை மறுபடி அனுப்பினார்கள். இரண்டாயிரத்து ஒரு விரற்கடை. குன்று மறுபடியும் மலையானது.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். பெயரில்தான் வினை பிடித்தது.

ஆட்டை அளக்க வந்த அன்றைக்கே ரோட்ரி இன்னொன்றும் கேட்டிருந்தான். பென்ரி அப்போது கொட்டிலில் மண்டி போட்டு, குட்டி மாட்டிக்கொண்ட ஒரு ஆட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தான்.

"மேப்புல இந்த மேட்டுக்குப் பேரே இல்ல சார். உங்க வீட்ல என்னன்னு சொல்லுவீங்க?"

பென்ரி யோசித்தான். அப்பா சொல்வார், நாயைக் கூட்டிக்கொண்டு வன்கூ போ என்று. அம்மா சொல்வாள், வன்கூ பார், மேகம் இறங்குது என்று. வன்கூ என்றால் வடக்கத்திப் பேச்சில் 'அந்தா அங்கே'. அதற்குமேல் ஒரு பேர் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டதே இல்லை. வாசலில் வந்து நின்றால் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

"வன்கூன்னு சொல்லுவோம்" என்றான்.

தெற்கே 'வன்' என்றால் சிகரம். அங்குள்ள பெரிய மலைகளில் பாதிக்குப் பேரே வன் என்றுதான் ஆரம்பிக்கும். 'அங்கே' என்பதை அவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். ரோட்ரியின் முகம் மலர்ந்துபோனது.

"வன் கூ. சேர்த்து எழுதணுமா, பிரிச்சா?"

குட்டியின் முன்னங்கால் அப்போதுதான் பென்ரியின் விரலுக்கு அகப்பட்டது. "எப்படி வேணா எழுதிக்கங்க தம்பி" என்றான்.

பிரித்து எழுதிக்கொண்டு போனான். வாரியத்துப் பெயரியல் பேராசிரியர் டெல்வின் அதை எடுத்து ஆராய்ந்தார். கூ என்று ஒரு சொல் கிடையாது, ஆகவே கடைசி எழுத்து தேய்ந்திருக்கவேண்டும், அது கூன் என்று கண்டுபிடித்தார். கூன் என்றால் நாய்கள். வன் கூன், நாய்களின் சிகரம். அந்தக் காலத்து இளவரசன் ஒருவன் வேட்டை நாய்களோடு அங்கே தங்கியிருக்கவேண்டும் என்றார். எந்த இளவரசன் என்று தெரியாததே அதன் பழமைக்கு அத்தாட்சி என்றும் எழுதினார். தவிர, வடக்கே வன் என்று பேர் கொண்ட மலை இது ஒன்றே ஒன்றுதான். தன் வாழ்நாளில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்று ரேடியோவில் பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

சந்தையில் பென்ரி தலை தெரிந்ததும் குரைக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒருத்தன், அப்புறம் ஏலம் போடுகிறவனே ஒலிபெருக்கியில். "ஹவோத் வந்தாச்சுப்பா, எலும்பு எதாவது இருந்தா போடுங்க." அங்கே ஆட்களைப் பண்ணையின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இனி அவனைக் கூப்பிட அதுவும் தேவையில்லை, ஒரு ஊளை போதும்.

முதல் வாரம் அவனுக்கும் சிரிப்புத்தான். அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக நிற்கும். அப்படியானால் சரியான பேர் என்ன? வெளியூர்க்காரர்கள் பண்ணை வீடுகளை வாங்கி, பழைய வெல்ஷ் பேரை அழித்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ எழுதி மாட்டினபோது, சபைக்கூடத்தில் எழுந்து மேசையைத் தட்டிப் பேசியவன் பென்ரி. பேர் போனால் நாம் போனோம் என்று பேசினான். எல்லாரும் கை தட்டினார்கள். மூன்று தலைமுறையாக முதுகுப்பக்கம் நிற்கிற மலைக்கு எங்கள் வீட்டில் பேரே கிடையாது என்று அதே ஆட்களிடம் எந்த வாயால் சொல்வான்? பேசாமல் இருந்தான்.

நெரிஸ் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"உங்க வீட்லதான் அதுக்குப் பேர் இல்ல. எங்க வீட்ல இருக்கு."

அவள் மலைக்கு அந்தப் பக்கம் பெர்த்தி பண்ணையில் பிறந்தவள். அவளுடைய அண்ணன் இத்வல்தான் இப்போதும் அதைப் பார்த்துக்கொள்கிறான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், கெவன் கசெக் மேல் பனி விழுந்திருக்கிறது என்று இந்த வீட்டுச் சமையலறையில் நின்று சொன்னாள். கெவன் என்றால் முதுகு, கசெக் என்றால் பெண்குதிரை. பென்ரியின் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெர்த்திக்காரர்களுக்கு மலையைக் கண்டாலும் குதிரை, மேகத்தைக் கண்டாலும் குதிரை, கடன் வாங்கியாவது ஒன்று வாங்கி ஏறிவிடுவார்கள் என்றார். அப்பா சிரித்ததற்குப் பென்ரியும் சிரித்தான். அதற்கப்புறம் இந்த வீட்டில் அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. வன்கூ என்று சொல்லவும் இல்லை. மலையைக் குறிப்பிடவேண்டிய இடத்தில் முகவாயை மட்டும் லேசாக அந்தப் பக்கம் தூக்குவாள். முப்பது வருஷமாக அப்படித்தான். அவன் அதைக் கவனித்ததில்லை.

"சபைக்கூடத்துல பேரைப் பத்திக் கூட்டம் வெக்கிறாங்களாம். எந்திரிச்சு சொல்லப் போறேன்" என்றாள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு."

சரி என்றான்.

கூட்டத்தன்று சபைக்கூடத்தின் பின் ஹால் நிரம்பி வழிந்தது. பெரிய பாத்திரத்தில் தேநீர் கொதித்தது. உலர் திராட்சை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் 'பெயர் வழங்கியவர்' என்று அட்டை வைத்த நாற்காலியில் பென்ரியை உட்காரவைத்தார்கள். நெரிஸ் நாலு வரிசை பின்னால். இத்வல் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

டாக்டர் கடோகன் பேச எழுந்தார். நல்ல குரல் அவருக்கு.

"நண்பர்களே, நாங்கள் மலையை அளப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மலை திருப்பி அனுப்புகிற ஒளியைத்தான் அளக்கிறோம். மலை எங்களோடு பேசுகிறது. நாங்கள் பணிவோடு கேட்கிறோம். பிறகு திருத்துகிறோம். அதேபோல் மக்கள் சொல்லும் பெயரையும் கேட்கிறோம், பிறகு திருத்துகிறோம். திருத்தாமல் விட்டால் மக்களுக்கும் வாரியத்துக்கும் என்ன வித்தியாசம்?"

கை தட்டினார்கள். தேநீர் பாத்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டது.

ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நெரிஸ் எழுந்தாள்.

"உக்காந்தே சொல்லலாம் மேடம்."

"நின்னே சொல்றேங்க. அந்த மலைக்குப் பேர் இருக்கு. கெவன் கசெக். பெர்த்திப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். எங்கப்பா சொன்னார், அவங்கப்பா சொன்னார்."

அவள் குரல் நடுங்கவில்லை. கையுறைகளை இரண்டாக மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பென்ரி திரும்பிப் பார்த்தபோது கண்ணில் பட்டது அதுதான்.

டாக்டர் கடோகன் தலையசைத்தார். பேச்சில் வழங்குகிற பெயரை வாரியம் உயிராக மதிக்கிறது, ஆனால் எங்கே நின்றுகொண்டு பேசினார்கள் என்பது முக்கியம் என்றார். விளக்கை அணைக்கச் சொன்னார். சுவரில் லேசர் படம் விழுந்தது, மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. நடுவில் ஒரு கோடு, அது இரண்டு பண்ணைக்கும் பொதுவான கம்பிவேலி. கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு ஆடு படுக்கிற தூரத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி.

"ஆக உயரமான ஒளி அங்கேயிருந்து வந்தது. அது ஹவோத் நிலம். உச்சி எந்த நிலத்தில் விழுகிறதோ, பெயர் அந்த நிலத்தைச் சேர்ந்தது. இது விதி. பெர்த்தியிடம் இருப்பது மலையின் சரிவு மட்டும். சரிவுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை."

"மலை ஒண்ணுதானேங்க?" என்றாள் நெரிஸ்.

"மலை ஒன்றுதான் மேடம். உச்சி அதைவிட ஒன்று."

இது என்ன என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் பேராசிரியர் டெல்வின் குறித்துக்கொண்டார்.

"இருந்தாலும் நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை" என்றார் தலைவர். உச்சிக்குரிய வீட்டில் அந்தப் பெயர் புழங்கியிருந்தால், ஒரே ஒருவர் சாட்சி சொன்னாலும், விசாரணையை மறுபடி திறக்கலாம் என்று விதியில் இடமிருக்கிறதாம். பென்ரி பக்கம் திரும்பினார். "மிஸ்டர் பென்ரி, நீங்கள்தான் பெயர் வழங்கியவர். உங்கள் மனைவி சொல்கிற பெயர் உங்கள் வீட்டில் வழங்கியதுண்டா?"

விளக்கைப் போட்டார்கள்.

ஆமா என்றால் போதும். ஆனால் அந்த ஆமாவுக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியானால் ரோட்ரியிடம் ஏன் வேறு பேர் சொன்னீர்கள்? வன்கூ என்றால் என்ன? உங்கள் வீட்டில் மலைக்குப் பேரே கிடையாதா? சந்தை மொத்தமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. மேசையைத் தட்டிப் பேசிய அந்தக் கூட்டமும் இதே ஹாலில்தான், இதே மேசைதான். ஏலக்காரன் ரொட்டியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லாமல் காத்திருந்தான்.

"எங்க வீட்ல" என்றான் பென்ரி. "அப்படிச் சொல்ற வழக்கம் இல்லீங்க."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"இதுதான் நேர்மை" என்றார் டாக்டர் கடோகன். "கட்டிய மனைவிக்காகக்கூட உண்மையை வளைக்காத மனிதர். வாரியம் உங்களைப் பாராட்டுகிறது." எல்லாரையும் எழுந்து நின்று கை தட்டச் சொன்னார். எழுந்து நின்று தட்டினார்கள். நெரிஸ் மட்டும் உட்கார்ந்தாள். கதவோரம் இத்வல் இல்லை.

வண்டியில் வீடு வரும்வரை அவள் பேசவில்லை. சண்டை போட்டால் நன்றாயிருக்கும் என்று அவன் நினைத்தான். ராத்திரியும் போடவில்லை. காலையில் கஞ்சியை வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்:

"வன் கூன் மேல மூடுபனி எறங்குது. கோட்டை எடுத்துக்கோ."

அவன் கரண்டி நின்றது. அவள் முகத்தில் கேலி இல்லை. அரசாங்கம் வைத்த பேரை ஒழுங்காகச் சொல்கிற குடிமகளின் முகம்.

அன்றிலிருந்து அப்படித்தான். வன் கூன் பக்கம் வேலி சாய்ந்திருக்கு. வன் கூன்ல ரெண்டு ஆடு நொண்டுது. பேராசிரியர் எழுதியபடியே, கடைசி 'ன்'கூட விடாமல், திருத்தமாக. போனில் பேசினாலும் அதுவே, கடையில் கேட்டாலும் அதுவே. முகவாயைத் தூக்கிக் காட்டுவதை விட்டுவிட்டாள்.

கோடையில் உச்சியில் பேர் வெட்டிய கல் நட்டார்கள். பென்ரிதான் திரையை விலக்கினான். திரையின் ஒரு பக்கம் கல்லில் மாட்டிக்கொண்டு, நாய்களின் சிகரம் என்பதில் சிகரம் மட்டும் வெளியே வரவில்லை. நாய்களுக்கு அது போதுமாயிருந்தது. செய்தி பரவி, ஊர் ஊராக நாய்ப் பிரியர் சங்கங்கள் புறப்பட்டு வந்தன. அந்தக் கல்லோடு நாயைப் படம் பிடிக்காவிட்டால் அது நாயே இல்லை என்கிற நிலைமை. ஆடு மேய்கிற மலையில் சடைநாய், குட்டைக்கால் நாய், ஸ்வெட்டர் போட்ட நாய். கயிற்றில் பிடியுங்கள் என்று பென்ரி கேட்டால், இது நாய்களின் மலையாயிற்றே, ஆட்டை ஏன் இங்கே விட்டீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பெண்மணி அவன் தோளைத் தட்டி, இவ்வளவு அழகான பேரைக் காப்பாற்றிக் கொடுத்தீர்களே என்று கண் கலங்கினாள். பிஸ்கட் பொட்டலம் ஒன்றும் கொடுத்தாள். நாய் பிஸ்கட்.

அதை ஜேபியில் வைத்துக்கொண்டே அவன் வாரியத்து அலுவலகத்துக்குப் போனான். டாக்டர் கடோகன் எழுந்து வந்து கை குலுக்கினார். பென்ரி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். வன்கூ பேரே இல்லை, அங்கே என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றான். சொல்லி முடித்ததும் உடம்பே லேசானது.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க, மிஸ்டர் பென்ரி?" என்றார் தலைவர். மேடை இல்லாத இடத்தில் அவரும் சாதாரணமாகத்தான் பேசினார். "எங்க டைப்பிஸ்ட் உங்க பக்கத்துப் பொண்ணு. மொத நாளே விழுந்து விழுந்து சிரிச்சா. அவளைக் கடலோரப் பிரிவுக்கு மாத்திட்டோம்."

"அப்ப ஏன் சார்..."

"பேராசிரியர் அடுத்த வருஷம் ஓய்வு. அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு வேணும். எனக்கு ஒரு மலை வேணும். உங்களுக்கு ஒரு பேர் வேணும். யாருக்கு நஷ்டம் சொல்லுங்க? 'அங்கே'ன்னு கல்லுல வெட்ட முடியுமா? அங்கே போய் நின்னு பாக்கறவன் எங்கேன்னு நெனப்பான்?"

பென்ரி தன் மனைவியின் பேரைச் சொன்னான். அதாவது அவள் மலைக்குச் சொன்ன பேரை. அவள் அதை ஒரு நாள் தன் வீட்டுச் சமையலறையில் சொன்னதையும் சொல்லி, அதையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றான்.

டாக்டர் கடோகன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவரிடம் அன்றைக்கு ஒரு மனிதத்தன்மை வந்ததென்றால் அந்த நேரம்தான்.

"அதுக்கு வழி இருக்கு. அன்னைக்கு நீங்க சொன்னதை மாத்திச் சொல்லணும். அதே ஹால்ல, அதே ஜனங்க முன்னால, எந்திரிச்சு நின்னு. என் பொண்டாட்டி சொன்னது எங்க வீட்டுச் சமையக்கட்டுல சொன்ன பேர்தான், எனக்குத் தெரியும், தெரிஞ்சே இல்லேன்னேன்னு. வர்ற வெள்ளிக்கிழமையே கூட்டம் போடறேன். வரீங்களா?"

சுவரில் அவனுடைய மலை பெரிய படமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. பென்ரி அதைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான். ஹாலின் நாற்காலிகளை நினைத்தான்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றான்.

"யோசிங்க" என்றார் தலைவர், ரொம்ப அன்பாக. அவன் யோசித்து வரமாட்டான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அடுத்த வெள்ளியும் போனது. அதற்கப்புறம் ஒரு நாள் பென்ரி, வேலிக்கம்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். கடைக்குப் போகாமல் மலையைச் சுற்றிக்கொண்டு பெர்த்தி பண்ணைக்குப் போனான். கல்யாணத்துக்கும் இரண்டு சாவுக்கும் அங்கே போயிருக்கிறான். அப்போதெல்லாம் மேலே பார்க்கத் தோன்றியதில்லை.

இத்வல் முற்றத்தில் ஆட்டைக் கவிழ்த்துப்போட்டுக் குளம்பு சீவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"என்ன ஹவோத், வழி தப்பிட்டியா?"

"மலையப் பாக்கலாம்னு வந்தேன்."

"உனக்குத்தான் கல்லு போட்டு ஒண்ணு வெச்சிருக்காங்களே."

பென்ரி திரும்பிப் பார்த்தான். மழைக்கு முந்தைய வெளிச்சம். குதிரை படுத்திருந்தது. குனிந்த தலை, சரிந்து இறங்கும் கழுத்து, ஈனப்போகிற குதிரையின் தொய்ந்த முதுகு, எழும்பி நிற்கிற பின்புறம். தேடவேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை பார்த்த பிறகு அது வேறெதுவாகவும் தெரிய மறுத்தது. அப்பா சிரித்த அன்றைக்கு நெரிஸுக்கு இருபத்திரண்டு வயசு. அவள் கண்ணில் இருந்தது இதுதான்.

இத்வல் ஆட்டை எழுப்பி விட்டான். அது உதறிக்கொண்டு ஓடியது. கத்தியைக் காற்சட்டையில் துடைத்தான்.

"அன்னைக்கு நான் எந்திரிச்சுப் பேசியிருக்கலாம். பாதி ஹாலு எங்க பக்கத்து ஆளுதான், பேசியிருப்பாங்க. நான்தான் சும்மா இருங்கன்னேன். ஏன் தெரியுமா? நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

பென்ரி வண்டிச் சாவியை ஜேபியில் தேடினான்.

"அவளும் அப்படித்தான் நெனச்சா" என்றான் இத்வல். "வீட்டுக்குப் போ. மழை வருது."

திரும்பி வருகிற வழியில் பென்ரி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். முதல் வளைவில் குதிரையின் தலை மண்ணுக்குள் போனது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் கழுத்து இல்லை. சபைக்கூடத்தைக் கடக்கும்போது முதுகு மட்டும் இருந்தது, அதுவும் நேராகிக்கொண்டே வந்தது. ஹவோத் வாசலில் இறங்கியபோது பின்னால் நின்றது ஒரு மேடு. பார்த்தவுடன் யாருக்கும் எதுவும் தோன்றாத மேடு.

நெரிஸ் வாசலுக்கு வந்தாள். வேலிக்கம்பி எங்கே என்று கேட்டாள். வாங்கவில்லை என்றான்.

"அப்ப எங்க போனே?"

"உங்கண்ணன் வீட்டுக்கு."

"எதுக்கு?"

"மலையப் பாக்க."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எந்த மலை?"

மழை ஆரம்பித்துவிட்டது. பென்ரிக்கு இப்போது அந்த மலையின் பேர் மூன்றும் தெரியும். மூன்றில் எதைச் சொல்லவும் வாய் எழவில்லை. காலணியின் முடிச்சை அவிழ்க்கிறவன் மாதிரி அப்படியே குனிந்தான். குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. அவன் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். அதில் அவிழ்க்க முடிச்சு ஒன்றும் கிடையாது.